மெல்பர்ன் 3சிஆர் 855: கேட்பவருக்கு எப்படி, பேசுபவருக்கு எப்படி

மெல்பர்னில் ஏஎம் ரேடியோவைத் திருப்பிக்கொண்டே போய் 774-இல் அரசு வானொலியான ஏபிசியைத் தாண்டினால், 855-இல் ஒரு நிலையம் அகப்படும். ஒரு நேரம் தொழிற்சங்கச் செய்தி ஓடும். அடுத்த நேரம் நமக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில் யாரோ பாட்டுப் போட்டு, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அதற்கடுத்துப் பூர்வகுடி மக்களின் நிகழ்ச்சி வரும். இதுதான் 3சிஆர். 1976-இல் தொடங்கிய நிலையம், கலையகம் ஃபிட்ஸ்ராய் ஸ்மித் தெருவில். கடை விளம்பரம் கிடையாது. நிகழ்ச்சி செய்கிற ஏறத்தாழ 400 பேரும் தொண்டர்கள். சம்பளத்துக்கு இருப்பது சிறியதொரு அலுவலகக் குழு மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காதால் கேட்கிற சேவையாக மட்டும் பார்த்தால் 5-க்கு 3. மைக்குக்குப் பின்னால் போய் உட்காரக்கூடிய இடமாகப் பார்த்தால் 5-க்கு 5. இரண்டு மதிப்பெண்ணுக்கும் காரணம் ஒன்றேதான்: நிலையம் நேரத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, அதற்குள் என்ன பேசுவது, எதைப் போடுவது என்பதை அந்தந்தக் குழுவின் கையிலேயே விட்டுவிடுகிறது. நன்றாக உழைக்கிற குழு வாய்த்தால் அந்த மணி நேரம் அமிர்தம். வாய்க்காவிட்டால் நான்கு பாட்டும் மூன்று பிறந்தநாள் வாழ்த்தும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மொழிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். ஆகவே இது போட்டுவிட்டுச் சமைக்கிற ரேடியோ ஆகாது. நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்து, தமிழ் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று குறித்து, போனில் மணியடிக்க வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் இருக்கும் உறவினர்களும் இணையத்தில் கேட்கிறார்கள் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சென்னையும் யாழ்ப்பாணமும் நமக்கு நாலரை மணி நேரம் பின்னே. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம் பின்னே. அக்டோபரில் நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த வாரம், ‘இன்றைக்கு நிகழ்ச்சி இல்லையா?’ என்று அங்கிருந்து கேள்வி வருவது இதனால்தான்.

இனி, எப்படிக் கேட்பது. 855 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 351 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை மேடு பள்ளத்தையும் கட்டடத்தையும் பொருட்படுத்தாமல் தரையோடு தவழ்ந்து தூரம் போகும். ஆனால் வீட்டுக்குள்ளே இருக்கிற மலிவான மின்சாமான் ஒவ்வொன்றும் அதற்கு எதிரி: எல்இடி பல்பு, போன் சார்ஜர், விளக்கைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர், கூரையில் சோலார் போட்டவர்களுக்கு அதன் இன்வெர்ட்டர். ‘ஒரே இரைச்சல்’ என்று நிலையத்தைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை 855-இல் வைத்துவிட்டு, மின்பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சாக அணையுங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் அடங்குகிறதோ, குற்றவாளி அந்த இணைப்பில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரேயொரு சார்ஜராகத்தான் இருக்கும்.

அடுத்து ரேடியோவையே மெல்லக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். ஏஎம் வாங்குவது உள்ளே படுத்திருக்கிற ஃபெரைட் கம்பி. அதன் பக்கவாட்டு ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்திருந்தால் ஒலி தெளியும், முனை பார்த்திருந்தால் அமுங்கும். மேலே இழுத்து நீட்டுகிற ஆண்டெனாவை ஆட்டி ஒரு பயனும் இல்லை, அது எஃப்எம்முக்கு. இரும்பு ஜன்னல் சட்டத்தின் மேலும் குளிர்பெட்டியின் தலையிலும் ரேடியோவை வைத்துக் கேட்பதும் வீண்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கிவந்த டிஜிட்டல் ரேடியோ 850-இல் நிற்கும், அடுத்த அழுத்தில் 860-க்குத் தாவும். 855-இல் நிற்கவே நிற்காது. அங்கே நிலையங்களுக்கு இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவில் 1978 நவம்பர் முதல் 9. செட்டின் பின்பக்கத்திலோ பேட்டரி அறைக்குள்ளோ 9/10 என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சில செட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் மாறும். இந்தியாவில், இலங்கையில் வாங்கியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. அங்கும் 9தான்.

பகலில் தெளிவாகக் கேட்பது இருட்டியபின் கலங்குவதும் ஏஎம்முக்கே உரிய குணம். சூரியன் இருக்கும்வரை வளிமண்டலத்தின் கீழ் அயனி அடுக்கு தொலைதூர நிலையங்களின் அலையை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கரைந்துபோக, எங்கோ இருக்கும் நிலையங்கள் வானத்தில் பட்டுத் தெறித்து வந்து அடியில் முணுமுணுக்கும். 774 ஏபிசிக்கு 50 கிலோவாட் வலு இருக்கிறது, அதனால் அது அசையாது. 855-க்கு அந்தப் பலம் இல்லை. நகரின் விளிம்பிலோ அதற்கும் அப்பாலோ இருப்பவர்கள் மாலை நிகழ்ச்சிகளுக்கு டிஜிட்டலுக்கோ இணையத்துக்கோ மாறிக்கொள்வது நல்லது. மின்கார் வாங்கியவர்களுக்கும் அதே வழிதான். மோட்டாரின் இரைச்சலைச் சமாளிக்க முடியாமல் ஏஎம்மையே எடுத்துவிட்ட மாடல்கள் பல உண்டு.

டிஏபி பிளஸ் என்கிற டிஜிட்டல் ஒலிபரப்பில் மெல்பர்னின் சமூக வானொலிகள் 2011 முதல் இருக்கின்றன. டிஜிட்டல் கொள்ளளவில் ஒன்பதில் இரண்டு பங்கைச் சமூக வானொலிகளுக்குச் சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. இரைச்சல் கிடையாது. ஆனால் ஏஎம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும், டிஜிட்டலோ இருக்கும்வரை முழுசாக இருந்துவிட்டு, சிக்னல் குறைந்த நொடியில் தண்ணீருக்குள் முங்கி எழுகிற மாதிரி குளறி அறுந்துவிடும். கான்கிரீட் அடுக்குமாடியில் ரேடியோவை ஜன்னலோரம் கொண்டுபோங்கள். புது இடத்துக்குக் குடிபெயர்ந்தால் நிலையங்களை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.

இணையத்தில் நிலையத்தின் தளத்திலேயே நேரலை உண்டு. இல்லாவிட்டால் 2022-இல் வந்த ‘கம்யூனிட்டி ரேடியோ பிளஸ்’ செயலியில் நாட்டின் சமூக வானொலிகளை ஒரே இடத்தில் தேடலாம். தாமதம் மட்டும் நினைவிருக்கட்டும். ஏஎம்மில் இப்போது கேட்பது டிஜிட்டலில் சில நொடி கழித்தும் இணையத்தில் அரை நிமிடம் கழித்தும்கூட வரும். ஒரே வீட்டில் சமையலறையில் ஏஎம், கூடத்தில் போன் என்று வைத்தால் பைத்தியம் பிடிக்கும்.

பிறகு கேட்கிற பதிவுகளும் உண்டு. பேச்சு நிகழ்ச்சிக்கு இது அருமையான வசதி. பாட்டு நிகழ்ச்சிக்கு எதிர்பார்க்காதீர்கள். ஒரு பாட்டை ஒலிபரப்ப வாங்கும் உரிமம் வேறு, அதே பாட்டைத் தரவிறக்கம் செய்யக் கொடுக்கும் உரிமம் வேறு. அதனால் பாட்காஸ்டாக ஏற்றும்போது பாட்டை வெட்டிவிடுவதுதான் பொதுவான நடைமுறை. ‘இதோ அந்தப் பாடல்’ என்று சொன்ன கையோடு ‘கேட்டீர்களா, எவ்வளவு இனிமை’ என்று வந்தால், உங்கள் போனில் கோளாறு ஏதும் இல்லை.

எதற்கு எந்த நிலையம் என்பதும் மெல்பர்ன்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நாட்டுச் செய்தி, அரசு அறிவிப்பு, விசா மாற்றம், வரிக் கணக்கு இதெல்லாம் தமிழில் வேண்டும் என்றால், அரசின் பன்மொழி ஒலிபரப்பான எஸ்பிஎஸ்ஸின் தமிழ்ச் சேவை. அங்கே சம்பளம் வாங்கும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர் குழு இருக்கிறது. அந்தத் துல்லியத்தைத் தொண்டர் வானொலியிடம் கேட்பது நியாயமில்லை. எஸ்பிஎஸ்ஸின் வேரும் மொழிதான்: 1975-இல் மெடிபேங்க் மருத்துவத் திட்டத்தைக் குடியேறியவர்களுக்கு அவரவர் மொழியில் விளக்கச் சிட்னியிலும் மெல்பர்னிலும் தொடங்கிய 2இஏ, 3இஏ நிலையங்களிலிருந்து வளர்ந்தது அது. முழுக்க முழுக்கப் பன்மொழி, எஃப்எம் தெளிவு என்றால் 92.3-இல் 3 ட்ரிபிள் இசட். 1989 முதல் ஒலிக்கிறது. அதன் பெயரில் ஒரு பழைய வடுவும் இருக்கிறது: 1975-இல் ஏபிசி திறந்த 3இசட்இசட் என்ற பொதுமக்கள் நிலையத்தை 1977-இல் அரசு மூடியது; மூடியதற்கு ஓர் இசட் கூட்டித் திரும்பி வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

3சிஆர் இரண்டிலும் சேராது. அது அரசியல் வானொலி, அதை மறைப்பதும் இல்லை. உழைப்பாளிகள், பெண்கள், பூர்வகுடிகள், அகதிகள் என்று மற்ற இடங்களில் மைக் கிடைக்காதவர்களுக்காகத் தொடங்கியது. மொழி நிகழ்ச்சிகளும் அந்தக் கூரையின் கீழேதான். 2002 முதல் ஆண்டுதோறும், பூர்வகுடி மக்களைப் போற்றும் ஜூலை மாத நெய்டாக் வாரத்தையொட்டி, சிறைகளுக்குள்ளிருந்தே பூர்வகுடிக் கைதிகள் நேரலையில் பேசுகிற ‘பியாண்ட் த பார்ஸ்’ இவர்கள் செய்வது. இந்த நிலையத்தின் குணம் தெரிய அதில் ஒரு மணி நேரம் கேட்டால் போதும். ஊர் நிலவரம், உரிமைப் போராட்டம், நீண்ட நேர்காணல் பிடித்தவர்களுக்கு 855 ஏற்ற இடம். விடிய விடிய இளையராஜா வேண்டுபவர்களுக்கு இது சரிப்படாது. ஏஎம்மில் அந்த இசையின் கூர்மையான மேல் ஒலிகள் பாதிதான் வந்து சேரும். அதே அலையில் 1950-களின் பழைய பாட்டு குறைவில்லாமல் ஒலிக்கும். மோனோவில் பதிந்த பாட்டு மோனோவில் வருகிறது, அவ்வளவுதான்.

இனி 5-க்கு 5 வாங்கிய பகுதி.

ஆஸ்திரேலியச் சட்டப்படி சமூக வானொலி உரிமம் வைத்திருப்பவர் லாபநோக்கம் இல்லாமல் நடத்த வேண்டும்; சமூகத்தவரை நிகழ்ச்சி செய்வதிலும் தேர்ந்தெடுப்பதிலும் பங்கேற்க ஊக்குவிக்க வேண்டும். உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஆகவே ‘எங்களுக்கும் நேரம் தருவீர்களா’ என்று நீங்கள் கேட்பது தயவு கேட்பது ஆகாது. 3சிஆரில் அமைப்புகள் இணைந்து உறுப்பினராகும் முறை உண்டு. தனியாட்களும் உள்ளே வரலாம். வழக்கமான படிகள் இவை: உறுப்பினராவது, பயிற்சி எடுப்பது, நிகழ்ச்சி முன்மொழிவை எழுதிக் கொடுப்பது, காலியிடத்துக்குக் காத்திருப்பது. கடைசிப் படிதான் நீளும். அட்டவணை நிறைந்திருக்கும், யாராவது விலகினால்தான் இடம். காத்திருக்கும் காலத்தில், ஏற்கெனவே இருக்கும் குழுவில் உதவிக்குச் சேர்ந்து பழகிவிடுவது குறுக்குவழி.

முன்மொழிவில் ‘தமிழ்ப் பண்பாட்டைப் பரப்புவோம்’ என்று எழுதினால் எடுபடாது. யாருக்காக, வாரா வாரம் யார் வருவார்கள், ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மாற்று யார், முதல் ஆறு வார நிகழ்ச்சியில் என்னென்ன என்று எழுதுங்கள். மூன்று பேராவது பேனல் இயக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் டிசம்பர் விடுமுறையில் இருவரும் ஒரே விமானத்தில் இருப்பார்கள்.

ஒரு மணி நேரம் என்பது மைக்குக்கு வெளியே எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வரவேற்பு, நிலைய அறிவிப்பு, சமூக அறிவிப்பு, விடைபெறல் சேர்ந்து 5 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஐந்து போட்டால் 22.5 நிமிடம். மிச்சம் ஏறத்தாழ 33. ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அடித்த ஒரு பக்கத்தைப் பதறாமல் வாசிக்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். அப்படியானால் 11 பக்கம் எழுத வேண்டும். அல்லது 15 நிமிட நேர்காணலும் 6 பக்கமும். ஒவ்வொரு வாரமும். மூன்றாம் மாதம் சரக்குத் தீர்ந்து, வாட்ஸப்பில் வந்ததை வாசிக்கத் தொடங்கும் நிகழ்ச்சிகள் இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கியவை.

கலையகத்தில் ஒலிக்கலவை மேசையைப் ‘பேனல்’ என்பார்கள். தனியாக ஓர் இயக்குநர் இருக்கமாட்டார். பேசுபவரோ, குழுவில் ஒருவரோ, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஏற்றி இறக்க வேண்டும். புதியவர்கள் செய்கிற பிழைகள் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி. முதலாவது, பாட்டுப் போட்டபின் மைக்கை இறக்க மறப்பது. ‘அந்தாள் வரமாட்டானாமே’ என்பது ஊருக்கே போய்விடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: மைக் திறந்திருக்கும்போது ஊளையிடாமல் இருக்க, கலையக ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். பாட்டு ஓடுகிறது, அறையில் சத்தமில்லை என்றால் ஏதோ ஒரு மைக் திறந்திருக்கிறது. வாயைத் திறப்பதற்கு முன் பேனலைப் பாருங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே நான்கு விரல் முதல் ஒரு கையகலம் வரை. நேருக்கு நேர் பேசினால் ‘ப’ ஒவ்வொன்றும் வெடிக்கும். சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள். மேடைப் பேச்சாளர்களை அழைத்தால் அவர்கள் நாற்காலியைப் பின்னே தள்ளி, கையை வீசி, முழங்குவார்கள். அவர்கள் பேசப் பேச ஒருவர் ஃபேடரில் கை வைத்தபடியே இருக்க வேண்டும். தொலைபேசியில் வரும் நேயரிடம் முதல் வேலையாக ‘ரேடியோவை அணைத்துவிடுங்கள்’ என்று, வானலைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவர் இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் தன் குரலே அரை நிமிடம் கழித்து வந்து குழப்பி, ‘ஹலோ, ஹலோ’ என்பதிலேயே நேரம் கரையும்.

பாட்டுகளை வீடியோ தளங்களிலிருந்து உருவி எடுத்து வராதீர்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம். ஒலி ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டிருக்கும், டிஏபி பிளஸ் அதை இன்னொருமுறை சுருக்கும். சலங்கையும் ஜால்ராவும் மணல் உதிர்வது போல ஒலிப்பது இதனால். குறுந்தகட்டிலிருந்தோ விலைக்கு வாங்கிய கோப்பிலிருந்தோ எடுங்கள். முன்பதிவு நிகழ்ச்சி என்றால், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட். மின்னஞ்சலில் போகாது. எம்பி3 என்றால் 192 கிலோபிட்டில் 86 மெகாபைட். இதற்குக் கீழே இறங்க வேண்டாம். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் சில ஒலிபரப்பு மென்பொருள்களில் வெறும் கட்டங்களாகத் தெரியும், எது எந்தப் பாட்டென்று தெரியாமல் நேரலையில் விழிக்க நேரும். ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, முன்னால் 01, 02 என்று வரிசை எண் போடுங்கள்.

நேரம் மீறுவது மட்டும் மன்னிக்கப்படாத குற்றம். உங்களுக்குப் பின்னால் வருவது இன்னொரு மொழி. நீங்கள் எடுக்கும் இரண்டு நிமிடம் அவர்களின் ஒரு வாரக் காத்திருப்பிலிருந்து எடுத்தது. கடைசியில் வாத்திய இசை ஒன்றை வையுங்கள். 56-ஆம் நிமிடத்தில் தொடங்கி, அதன் மேலே விடைபெற்று, 59-ஆம் நிமிடத்தில் இறக்கிவிடலாம். பாடல் வரிகளின் நடுவே வெட்டினால் கேட்கிறவர் எரிச்சலடைவார், நாகஸ்வரத்தை மெல்ல இறக்கினால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம், நிலையத்து அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் பேசுகிற மொழி தெரியாது என்பது. நம்பித்தான் மைக்கைக் கொடுக்கிறார்கள். இரண்டு தமிழர் இருக்கும் இடத்தில் மூன்று சங்கம் இருக்கும் என்பார்கள். அந்தச் சண்டை வானலைக்கு வந்தால் அவதூறு வழக்கு தமிழிலா ஆங்கிலத்திலா என்று பார்க்காது. கோயில் நிர்வாகம், சங்கத் தேர்தல், யார் யாருக்குக் கணக்குக் காட்டவில்லை என்பவற்றைப் பெயர் சொல்லிப் பேசுவதற்கு முன் எழுத்தில் ஆதாரம் கையில் இருக்க வேண்டும், எதிர்த்தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். அரசியல், நடப்புச் செய்தி ஒலிபரப்புகளின் பதிவை நிலையம் ஆறு வாரம் வைத்திருப்பது சட்டக் கட்டாயம். புகார் வந்தால் 60 நாள். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்பது செல்லாது. நேயராக உங்களுக்குக் குறை இருந்தால், தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து நிலையத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லாவிட்டால் ஏசிஎம்ஏ என்ற ஒழுங்கமைப்பு ஆணையத்துக்குப் போகலாம். பதிவு அழிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதே முக்கியம்.

பணம். சமூக வானொலி விளம்பரம் போடச் சட்டம் விடாது. மணிக்கு 5 நிமிடம் வரை, ஆதரவாளர் என்று சொல்லி அனுசரணை அறிவிப்புப் போடலாம். 3சிஆர் வணிக அனுசரணையையும் நம்பி நடப்பதில்லை. அதனால்தான் நகைக்கடையும் வீட்டுக்கடன் முகவரும் இல்லாமல் ஒரு தமிழ் மணி நேரத்தை இங்கே கேட்க முடிகிறது. அந்தச் சௌகரியத்துக்கு விலை ஜூன் மாதம் கேட்கப்படும்: ‘ரேடியோதான்’ (Radiothon) என்கிற நிதி திரட்டல். இரண்டு வாரம் எல்லா நிகழ்ச்சியும் கையேந்தும். கேட்க அலுப்பாகத்தான் இருக்கும், உண்மை. ஆனால் நீங்கள் கொடுக்கும்போது எந்த நிகழ்ச்சிக்காக என்று பெயர் சொல்லலாம், சொல்லுங்கள். நேயர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு குழுவிடம் இருக்கிற நேரடிச் சான்று அதுதான். தொலைபேசியில் தொகையைச் சொல்லிவிட்டுக் கட்டாமல் விடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம், அதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல். 2 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் வரிவிலக்கு உண்டு. நிதியாண்டு ஜூன் 30-இல் முடிவதால் அதற்கு முன்பே கட்டி, ரசீதை எடுத்து வையுங்கள்.